போர் மூண்ட மறுநாள் பேப்பர்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பார்வை

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1928இல். அதுவரை பெரியகுளம், தேனி, உத்தமபாளையம், கம்பம் பக்கத்துக்கு ரயிலில் வருகிற எதுவும் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டு வழியாகத்தான் வந்துசேர வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்காகப் போட்ட ரயில் பாதை என்றாலும், வெளியுலகச் செய்தி பள்ளத்தாக்குக்குள் விரைவாக வரவும் அதுவே வழியானது. பதினைந்து வருஷம்கூட நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் நடுவே தண்டவாளங்களைப் பெயர்த்துப் போர்த் தேவைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி பாதை போட்டது 1950களில்.

டன்கர்க், சிங்கப்பூர், ரங்கூன் என்று தலைப்புச் செய்திகளை அடுக்கிவைத்து அந்தப் போரின் வரலாற்றை எழுதலாம். அந்த வரலாற்றில் போடி பாதை ஒரு வரிகூடப் பெறாது. ஆனால் தேனிச் சந்தைக்கு மூட்டை கொண்டுவந்தவருக்குப் போர் என்பது முதலில் அந்த வெற்றுத் தரைதான். ஒரு நாடு போருக்குள் நுழையும் நாட்களில் வெளிவரும் பத்திரிகைகள் அந்தச் சமூகத்தை எவ்வளவு தூரம் காட்டுகின்றன என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்து கேட்கிறேன்.

கேள்வி புதிதல்ல. ஐரோப்பாவில் 1914 ஆகஸ்டைப் பற்றி நெடுங்காலம் ஒரே கதைதான் சொல்லப்பட்டுவந்தது: போர் அறிவிப்பைக் கேட்டு மக்கள் தெருவில் கூடி ஆரவாரம் செய்தார்கள், பூக்கொத்து கொடுத்துப் படையை வழியனுப்பினார்கள் என்பது. ஆதாரம் கேட்டால் அன்றைய செய்தித்தாள்களையும் புகைப்படங்களையும் காட்டுவார்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழான் ழாக் பெக்கர் 1977இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையை உடைத்தார். அவர் கையில் எடுத்தது கிராமப் பள்ளி ஆசிரியர்கள் போர்க்காலத்தில் எழுதிவைத்த குறிப்புகள். அறுவடை வேலையில் இருந்த விவசாயிகள் தேவாலய மணி அடித்ததைக் கேட்டுத் திகைத்து நின்றதும், பெண்கள் அழுததும், பிறகு வேறு வழியில்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டதும் அந்தக் குறிப்புகளில் இருந்தன. ஜெர்மனியைப் பற்றி ஜெஃப்ரி வெர்ஹே 2000இல் எழுதியதும், பிரிட்டனைப் பற்றிக் கேட்ரியோனா பென்னல் 2012இல் எழுதியதும் ஏறத்தாழ இதே திசையில் போகின்றன. ஆரவாரம் இருந்தது, ஆனால் அது நகரத்தின் சில தெருக்களில், சில வகுப்பாரிடம் இருந்தது. அந்தத் தெருக்களில்தான் பத்திரிகை அலுவலகங்களும் இருந்தன.

இதைப் படித்துவிட்டுப் பத்திரிகை பொய், ஒதுக்கிவிடுவோம் என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். போர் மூண்ட வாரத்துப் பேப்பரில் சமூகம் இருக்கிறது. முதல் பக்கத் தலைப்பில் அதைத் தேடுவதுதான் தவறு. தலைப்பு, அரசு மக்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைச் சொல்லும். மக்கள் எதற்குப் பயந்தார்கள், எதைப் பதுக்கினார்கள், எதை நம்பினார்கள் என்பது விலை நிலவரத்திலும், வதந்தியை மறுக்கும் அறிவிப்பிலும், நன்கொடைப் பட்டியலிலும், விளம்பரத்திலும் கிடக்கிறது. தமிழ்நாடு கண்ட போர்களில் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. செத்தவர்கள் சிலர்தான்; ஆனால் நகரமே கிடுகிடுத்துப்போய், பல்லாயிரம் பேர் ரயிலேறி உள்நாட்டுக்கு ஓடினார்கள். 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் தலைக்கு மேல் தொங்கிய காலம் அது. அரசுக்குப் பிடிக்காததை அச்சிட்டால் ஜாமீன் தொகை போய்விடும், அச்சகமும் போகலாம். அப்படிப்பட்ட காலத்தில் பயத்தைப் பயம் என்று எந்தப் பத்திரிகையும் எழுத முடியாது. ஆகவே படிக்கிறவன்தான் தலைகீழாகப் படிக்கப் பழக வேண்டும். மக்கள் பீதியடைய வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் பீதி இருக்கிறது. வியாபாரிகள் விலையேற்றக் கூடாது என்று வந்தால் விலை ஏறிவிட்டது.

அதே வருஷ டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு பந்தலுக்கே வந்தார். மாநாடு ராஜவிசுவாசம் தெரிவித்தது. மாகாணத்தின் நன்கொடையில் ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் ஒரு மருத்துவமனைக் கப்பல் போருக்குப் போனது. பத்திரிகைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் சென்னை மாகாணம் முழுவதும் சாம்ராஜ்யத்தின் பின்னால் அணிவகுத்து நின்றதாகவே தோன்றும். ஆனால் மாகாணத்தில் அன்று பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட எழுத்து தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயத் தொடங்கி இருபது வருஷம்கூட ஆகாத சமயம். இருபோகம் விளையத் தொடங்கிய ஊர்கள். அந்த வயல்காட்டில் வேலை செய்தவர்கள் ஜெர்மன் சக்கரவர்த்தியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எந்தப் பேப்பரும் கேட்கவில்லை. பத்திரிகை என்ற கண்ணாடி பொய் சொல்லவில்லை. அதன் முன்னால் நின்றவர்கள் சிலர் மட்டுமே.

1939 வேறு மாதிரி. செப்டம்பர் 3ஆம் தேதி, இந்தியர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் சேர்த்தார். அடுத்த மாதக் கடைசியில் ராஜாஜியின் மந்திரிசபை வெளியேறியது. இம்முறை தமிழ்ப் பத்திரிகை உலகம் ஒரே குரலில் பேசவில்லை. 1934இல் தொடங்கி டி.எஸ். சொக்கலிங்கத்தின் தலைமையில் வளர்ந்திருந்த தினமணி காங்கிரஸ் உணர்வோடு எழுதியது. பெரியாரின் விடுதலை போர் விஷயத்தில் பிரிட்டிஷார் பக்கம் நின்றது. கம்யூனிஸ்டுகளின் நிலை இன்னும் சிக்கலானது. ஏகாதிபத்திய யுத்தம் என்று முதலில் எதிர்த்தவர்கள், 1941இல் ஹிட்லர் சோவியத் மண்ணில் கால்வைத்த பிறகு, மக்கள் யுத்தம் என்று ஆதரிக்கத் தொடங்கினார்கள். மதுரையில் ஒரே தெருவில் இருந்த மூன்று வீடுகளுக்கு மூன்று போர்கள் நடந்துகொண்டிருந்தன என்று சொன்னால் மிகையில்லை. சமூகத்தில் பிளவு இருக்கும்போது பத்திரிகையில் அது தெரிகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. அரசு அதைப் பொறுத்துக்கொண்ட மட்டும்தான் தெரிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த யுத்தத்துக்கு ஆள் கொடுக்காதே, பணம் கொடுக்காதே என்று தனிநபர் சத்தியாக்கிரகத்தில் வீதியில் நின்று சொன்னவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 1942 ஆகஸ்டில் தணிக்கை முற்றியபோது ஹரிஜனும் லக்னோவின் நேஷனல் ஹெரால்டும் நின்றுபோயின. வராத பத்திரிகையும் அந்தக் காலத்துச் சமூகத்தைப் பற்றிய செய்திதான். நூலகத்தில் பைண்டு செய்த தொகுதியைப் புரட்டுகிறவர் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

நம் பகுதிக்குப் போர் உண்மையில் வந்தது 1942இல். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5இல் கொழும்பு மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னையை விட்டு அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்தன. ஜனங்கள் கேட்க வேண்டுமா? பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்து வந்தவர்கள், வராமல் போனவர்கள் என்று தெற்கத்திச் சீமையில் எத்தனையோ குடும்பங்கள் துக்கத்தில் இருந்தன. பர்மா அரிசி நின்றது. இருபோகம் விளையும் பள்ளத்தாக்கின் நெல் மீது எல்லோர் கண்ணும் விழுந்தது. கடலுக்கு அப்பால் இருந்து வரவேண்டிய பத்திரிகைக் காகிதமும் சுருங்க, பக்கங்கள் குறைந்தன.

அந்தத் தட்டுப்பாட்டின் நடுவில்தான், 1942 நவம்பர் 1ஆம் தேதி, மதுரையில் சி.பா. ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கினார். காகிதம் கிடைக்காமல் வைக்கோலைக் கூழாக்கிக் கையால் காகிதம் செய்து அச்சிட்டதாக அந்த இதழின் கதையைச் சொல்பவர்கள் குறிப்பிடுவார்கள். காகிதம் எதுவாக இருந்தாலும் அதில் அச்சான தமிழ் முக்கியம். சிறு சிறு வாக்கியம், பெரிய எழுத்தில் தலைப்பு, பேசுகிற பாஷை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்காகவும், அவர் சத்தமாகப் படிக்கக் கேட்டுக்கொண்டிருப்பவருக்காகவும் எழுதிய பத்திரிகை அது. அதே வருஷ ஆகஸ்டில் திருவாரூரில் ஓர் இளைஞர் ‘முரசொலி’ என்று துண்டுப் பிரசுரம் போடத் தொடங்கியிருந்தார்; அவர் பின்னாளில் முதலமைச்சராகிய மு. கருணாநிதி. போர் பழைய பத்திரிகைகளை மெலியவைத்த அதே வருஷத்தில் புதிய வாசகர்களை உண்டாக்கியது. ஊரில் யாருக்காவது மகன் பட்டாளத்தில், யாருக்காவது அண்ணன் ரங்கூனில் என்று இருக்கும்போது, பேப்பர் படிப்பது பெரியவீட்டுக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த நிலை மாறித்தான் ஆக வேண்டும். பள்ளத்தாக்கின் டீக்கடைகளில் ஒரு பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படிக்கும் பழக்கம் இன்றும் உண்டு. 1914இல் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களில் சிலர் உள்ளே வந்தது இப்படித்தான்.

சுதந்திர இந்தியாவின் போர்களில் 1962தான் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டியது. அக்டோபர் 20இல் சீனப் படை தாக்கியது; 26ஆம் தேதி அவசரநிலை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நிறைந்திருந்தது விலைவாசிப் போராட்டமும் திராவிட நாடு கோரிக்கையும். விலைவாசி உயர்வை எதிர்த்து ஜெயிலுக்குப் போயிருந்த அண்ணா, போர் என்றதும் நாட்டுப் பாதுகாப்புக்கு ஆதரவு என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்தது, தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். காங்கிரஸ் பேப்பர், கழகப் பேப்பர், நடுநிலைப் பேப்பர் எல்லாவற்றுக்கும் ஒரே எதிரி கிடைத்துவிட்டான்.

அந்த ஒற்றுமையை நான் பொய் என்று சொல்லமாட்டேன். நகையைக் கழற்றிக் கொடுத்த தாய்மார்களின் மனசு உண்மையானது. ஆனால் அதே நவம்பரில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகளைப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் செங்கொடிக்கு வேர் இருந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கட்சிக்காக ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் பாடிய காலம் அது; தம்பி இளையராஜாவும் கூடப் போவார். அப்படிப்பட்ட ஊர்களில், நேற்றுவரை கூலி உயர்வுக்காகக் கொடி பிடித்தவனைப் பக்கத்து வீட்டுக்காரரே சீனாக்காரன் ஆள் என்று பார்க்கத் தொடங்கினால் அவன் குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும்? அவர்களுடைய பக்கத்தைச் சொல்லத் தனிப் பத்திரிகை தேவைப்பட்டது. 1963இல் தீக்கதிர் வார இதழாக வந்தது. பிறகு மதுரையிலிருந்து நாளிதழாயிற்று. போர் மூண்டதும் பேப்பர்கள் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிட்டால், யாருடைய வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டும். அந்த அவசரநிலை 1968 ஜனவரி வரை நீண்டது என்பது பலருக்கு நினைவில்லை.

1965, 1971 போர்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து எரிந்த அதே தமிழ்நாடு, செப்டம்பரில் லால் பகதூர் சாஸ்திரியின் பின்னால் நின்றது. இரண்டும் ஒரே ஜனங்கள்தான் என்பதைப் பத்திரிகைத் தொகுதியைப் பார்க்கிறவர் எட்டு மாத இடைவெளியில் கண்டுகொள்ளலாம்.

நம் மொழிக்காரர்கள் வாழும் இடத்திலேயே நடந்த போர் ஈழப் போர். அங்கே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. யாழ்ப்பாணத்தில் 1981 ஜூன் தொடக்கத்தில் நூலகம் எரிந்த அந்த நாட்களிலேயே ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1987 அக்டோபர் 10ஆம் தேதி இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் முதலில் தகர்க்கப்பட்டவற்றில் ஈழமுரசு, முரசொலி (திருவாரூர் முரசொலி அல்ல, அங்கே அதே பெயரில் வந்தது) ஆகிய இரண்டு பத்திரிகைகளின் அச்சகங்களும் உண்டு. பத்திரிகை ஒரு சமூகத்தைக் காட்டுகிறதா என்று நாம் ஆராய்ந்துகொண்டிருக்கலாம். படை நடத்துகிறவர்களுக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது ‘உதயன்’ பள்ளிக் கொப்பிக்கான கோடு போட்ட தாளில் அச்சாகி வந்தது. அந்தத் தாளில் செய்தியைப் படிக்கும் முன்பே முற்றுகையைப் படித்துவிடலாம். செய்தியைவிடத் தாளின் தரமும், பக்க எண்ணிக்கையும், மை படிந்த விதமும் அதிகம் பேசுகிற காலங்கள் உண்டு.

இனி நம் பள்ளத்தாக்குக்கே வருவோம். இங்கே பீரங்கி முழங்கியதில்லை. ஆனால் எல்லையில் பகை மூண்டு, பத்திரிகைகள் அதில் இறங்கிய ஓர் அனுபவம் உண்டு. அதுதான் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. அதைத் தொடர்ந்து கேரளப் பத்திரிகைகளில் பெரியாறு அணையைப் பற்றிய பயம் கிளம்பியது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. கேரளம் தனிச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2011இல் இடுக்கிப் பக்கம் சிறு நில அதிர்வுகள் உணரப்பட, நவம்பர், டிசம்பரில் விஷயம் வெடித்தது. குமுளிக்கு இந்தப் பக்கம் வந்த பேப்பரைப் படித்தால், அணை உறுதியாக இருக்கிறது, மலைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போன தமிழ்ப் பெண்களை விரட்டுகிறார்கள், ஐயப்ப பக்தர்களின் வண்டியை மறிக்கிறார்கள். அந்தப் பக்கம் படித்தால், அணை எந்த நிமிஷமும் உடையலாம், லட்சக்கணக்கான உயிர்கள் போகும், தமிழ்நாடு இரக்கமில்லாமல் தண்ணீர் கேட்கிறது. கூடலூர் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி சில மைல் மலைப்பாதைதான். ஆயிரமாயிரமாக ஜனங்கள் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் எல்லையை நோக்கி நடந்தார்கள், தடியடி நடந்தது, தடையுத்தரவு போடப்பட்டது.

இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளும் தத்தம் சமூகத்தின் பயத்தை உள்ளபடியே காட்டின. கேரளத்தில் அணைக்குக் கீழே குடியிருப்பவரின் பயமும் நிஜம். தண்ணீர் போய்விட்டால் தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்னாகும் என்ற நம் பயமும் நிஜம். ஆனால் எதிர்ப்பக்கத்தின் பயத்தைத் தன் வாசகனுக்குச் சொல்ல இரண்டு பக்கத்திலும் பெரும்பாலும் ஆள் இல்லை. போர்க்காலப் பத்திரிகையின் பெரிய குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். பொய்ச் செய்தி இரண்டு நாளில் வெளுத்துவிடும். எதிரிக்கும் பிள்ளைகுட்டி உண்டு என்பது வரிக்கு வரி விடுபட்டுப்போவதை யாரும் மறுப்பு வெளியிட்டுச் சரிசெய்வதில்லை. அந்த டிசம்பரில் உண்மையான சமூகம் உள்பக்கங்களில் கிடந்தது. கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக விடிகாலை ஜீப்பில் நெருக்கியடித்து வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கூலி போனது. இங்கிருந்து கேரளச் சந்தைக்குப் போகும் காய்கறியும் வாழையும் தேங்கின. தமிழ்த் தொழிலாளி இல்லாமல் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க முடியாது. மலையாள முதலாளியும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். முதல் பக்கத்தில் இரண்டு மாநிலம் மோதிக்கொண்டிருக்க, பிழைப்பு இரண்டையும் கட்டிப்போட்டிருந்தது.

பள்ளத்தாக்கின் வாசகர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. பேப்பர் கட்டோடு வரும் போஸ்டரைப் பெட்டிக்கடைக்காரர் வாசலில் தொங்கவிடுவார். போர் என்ற கொட்டை எழுத்தைப் போகிற வழியில் பார்த்துக்கொள்வார்கள். பேப்பரைக் கையில் வாங்கியதும் பலர் தேடுவது ஏலக்காய் விலையை. போடியிலும் மலைக்கு மேலேயும் நடக்கும் ஏலத்தில் என்ன விலை போனது என்பதில் வளைகுடா நாடுகளின் நிலைமையும் கலந்திருக்கிறது. நம் ஏலக்காயின் பெரிய வாடிக்கைக்காரர்கள் அவர்கள். 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் நுழைந்ததை ஒரு சிற்றூர் விவசாயி உலக அரசியலாக மட்டுமா படித்திருப்பார்? 1999இல் கார்கிலைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்கூடத் தங்கள் ஊர்ப் பையன் எந்த முகாமில் இருக்கிறான் என்பதற்கு மாவட்டப் பக்கத்தைத்தான் புரட்டினார்கள். திருச்சி மேஜர் சரவணன் மே 29இல் உயிர்விட்டு, உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலானது. அந்தக் காத்திருப்பின் வேதனை டெல்லிப் பதிப்பின் தலைப்பில் அடங்காது.

2025 மே மாதம் இந்திய, பாகிஸ்தான் மோதலின் இரவுகளில், கராச்சித் துறைமுகம் அழிந்தது என்பது போன்ற நடக்காத செய்திகளைச் சில தொலைக்காட்சிகள் நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தன. கைபேசியில் அவை நிமிஷத்துக்கு நிமிஷம் பரவின. அச்சுப் பத்திரிகைக்கு இயல்பாகவே இருக்கும் ஓர் இரவுத் தாமதம் அன்று நன்மையாக இருந்தது. விடிந்தபின் வந்த பேப்பரில் அந்தக் கதைகளில் பல இல்லை. வேகத்தில் தோற்றுப்போன பத்திரிகைக்கு இன்னும் மிச்சமிருக்கும் வேலை அது.

இத்தனைக்கும் பிறகு, 1914இலோ 1942இலோ 1962இலோ கம்பம் பள்ளத்தாக்கு என்ன உணர்ந்தது என்று எழுத உட்காருகிற ஆய்வாளருக்குக் கையில் கிடைப்பது மிகக் குறைவு. பிரான்சில் 1914 செப்டம்பரில் கல்வி அமைச்சரே பள்ளி ஆசிரியர்களிடம் ஊர் நிலவரத்தை எழுதிவைக்கச் சொன்னார். அதனால்தான் பெக்கரால் பத்திரிகையைச் சரிபார்க்க முடிந்தது. நமக்கு அப்படி ஒரு சுற்றறிக்கை வந்ததில்லை. மாவட்டப் பக்கங்கள் அந்தந்த நாளிலேயே பொட்டலம் மடிக்கப் போய்விடுகின்றன. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய இதழ்களைக் காப்பாற்றுகின்றன. தேனி மாவட்டத்தின் உள்ளூர்ப் பக்கங்களை வருஷவாரியாகச் சேர்த்துவைக்கும் வேலையை இங்கேயே, இந்த மாவட்டத்துக் கல்லூரிகளும் நூலகங்களும்தான் எடுத்துச் செய்ய வேண்டும். 1962இல் பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அம்மாவின் கம்மல் பாதுகாப்பு நிதிக்குப் போனதையும், பக்கத்து வீட்டு ஆளைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதையும் ஒரே வாரத்தில் பார்த்த கண்கள் அவர்களுக்குள் இருக்கும். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் சில சாயங்காலங்களும் போதும். வரலாற்றுத் துறை மாணவர்கள் இந்த வருஷமே தொடங்கலாம்.